ஓராண்டும் ஐந்து நாளும்: பதவிக்காலத்தின் கடைசிக் கட்டத்தில் இடைத்தேர்தல்

2015 மே 17, ஞாயிற்றுக்கிழமை. சென்னை ராதாகிருஷ்ணன் நகர் (ஆர்.கே. நகர்) சட்டமன்ற உறுப்பினர் பி. வெற்றிவேல் பதவி விலகினார். பேரவைத் தலைவர் ப. தனபால் அதை ஏற்றுக்கொண்டார். சொத்துக் குவிப்பு வழக்கில் ஜெயலலிதாவைக் கர்நாடக உயர் நீதிமன்றம் விடுவித்து அன்றோடு ஆறு நாள் ஆகியிருந்தது. அவர் மீண்டும் முதல்வராகப் பொறுப்பேற்க இன்னும் ஆறு நாள் இருந்தது. அந்தப் பேரவையின் ஆயுள் 2016 மே 22 வரை. ஆக, தொகுதி காலியான நாளில் மிச்சமிருந்தது ஓராண்டும் ஐந்து நாளும்.

2023 டிசம்பர் 31, ஆண்டின் கடைசி நாள். ஜார்க்கண்டில் காண்டே தொகுதி உறுப்பினர் சர்ஃபராஸ் அகமது பதவி விலகினார். அந்தத் தொகுதியில் முதல்வர் ஹேமந்த் சோரனின் மனைவி கல்பனா சோரன் நிற்கப்போகிறார் என்ற பேச்சு உடனே எழுந்தது. பிறகு அப்படியே நடந்தது. ஜார்க்கண்ட் பேரவையின் ஆயுள் 2025 ஜனவரி 5 வரை. இங்கும் மிச்சம் ஓராண்டும் ஐந்து நாளும்.

யார் எந்த எண்ணத்தோடு நாள் குறித்தார்கள் என்பது என் ஆராய்ச்சி இல்லை. எட்டரை ஆண்டு இடைவெளியில், வெவ்வேறு கட்சிகளின் ஆட்சியில், இரண்டு விலகல்களும் ஒரே கோட்டுக்கு ஐந்து நாள் இப்பால் வந்து விழுந்திருக்கின்றன. அந்தக் கோட்டை வரைந்தது 1951ஆம் ஆண்டின் மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தில் உள்ள 151ஏ பிரிவு. நான்கைந்து வரிதான் இருக்கும். ஆனால் எந்தத் தொகுதி மக்களுக்குப் பிரதிநிதி கிடைப்பார், எந்தத் தொகுதி அடுத்த பொதுத்தேர்தல் வரை ஆளில்லாமல் கிடக்கும் என்பதை அந்த வரிகள்தாம் தீர்மானிக்கின்றன. அவற்றுக்கு உயர் நீதிமன்றங்கள் தந்திருக்கும் பொருளோ ஒன்றோடொன்று மோதுகிறது.

பிரிவு சொல்வது இவ்வளவுதான். மாநிலங்களவை, மக்களவை, சட்டப்பேரவை, மேலவை எதுவானாலும், ஓர் இடம் காலியானால் ஆறு மாதத்துக்குள் இடைத்தேர்தல் நடத்த வேண்டும். இரண்டு நிலைமைகளில் இந்தப் பிரிவு பொருந்தாது. அந்தக் காலியிடத்தைப் பொறுத்தவரை ஓர் உறுப்பினரின் எஞ்சிய பதவிக்காலம் ஓராண்டுக்கும் குறைவாக இருப்பது ஒன்று. குறித்த காலத்துக்குள் தேர்தல் நடத்துவது கடினம் என்று தேர்தல் ஆணையம் மத்திய அரசைக் கலந்து சான்றளிப்பது மற்றொன்று.

1951இல் இயற்றியபோது சட்டத்தில் இந்தப் பிரிவு கிடையாது. காலியிடத்தை நிரப்பும் கடமை 147 முதல் 151 வரையான பிரிவுகளில் இருந்தது, கெடு இல்லை. கெடு இல்லாத கடமையை எவ்வளவு வேண்டுமானாலும் தள்ளலாம். 1967இல் ஆந்திரத்தின் முன்னாள் முதல்வர் டி. சஞ்சீவய்யா தொடர்பான வழக்கில், தேர்தல் வழக்கு நிலுவையில் இருக்கும்போது ஆணையம் உடனே இடைத்தேர்தல் நடத்தியாக வேண்டும் என்ற கட்டாயமில்லை என்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அந்த வழக்கின் நியாயம் புரிந்துகொள்ளக்கூடியதே. வென்றவரின் வெற்றி செல்லாது, தோற்றவரே வென்றவர் என்று நாளை தீர்ப்பு வந்தால் ஒரு தொகுதிக்கு இரண்டு உறுப்பினர்கள் ஆகிவிடுவார்கள். ஆனால் அப்படி ஒரு நியாயமும் இல்லாமலே தொகுதிகள் காத்துக்கிடந்தன. 1990இல் தினேஷ் கோஸ்வாமி தலைமையிலான தேர்தல் சீர்திருத்தக் குழு ஆறு மாதக் கெடுவைப் பரிந்துரைத்தது. 1996ஆம் ஆண்டுத் திருத்தம் அதைச் சட்டமாக்கியது. அந்த ஆண்டு ஆகஸ்ட் 1 முதல் அது நடப்புக்கு வந்தது. ஒருவர் இரண்டு தொகுதிகளுக்கு மேல் போட்டியிட முடியாது என்ற விதியும் அதே திருத்தத்தில் பிறந்ததுதான்.

ஓராண்டு விலக்கு ஏன் வைத்தார்கள் என்பதை விளக்க அதிகம் பேச வேண்டியதில்லை. அறிவிக்கை, வேட்புமனு, பிரசாரம், வாக்குப்பதிவு என்று இரண்டு மாதம் போகும். நடத்தை விதிகள் வந்தால் மாவட்டத்தில் புதிய திட்டம் எதையும் தொட முடியாது. வென்று வருபவர் ஒரு பட்ஜெட் கூட்டத்தொடரைப் பார்த்தாலே அதிகம். இடைத்தேர்தல் என்றால் பணம் எப்படி ஓடும் என்பதை நமக்கு யாரும் சொல்லித்தர வேண்டாம். 2009 ஜனவரியில் நடந்த இடைத்தேர்தல் வழியாகத் திருமங்கலம் என்ற ஊர்ப்பெயர் தேர்தல் அகராதியில் ஏறியது. 2017 ஏப்ரலில் ஆர்.கே. நகர் தேர்தலே பணப் பட்டுவாடாவால் ரத்தானது. ஈரோடு கிழக்கு வாக்காளர்கள் ஒரே பேரவைக் காலத்தில் 2021 பொதுத்தேர்தல், 2023 பிப்ரவரி, 2025 பிப்ரவரி என்று மூன்று முறை வாக்குச்சாவடிக்குப் போனார்கள். சில மாதங்களுக்காக இவ்வளவையும் ஒரு தொகுதி தாங்க வேண்டுமா என்ற கேள்வியில் நியாயம் இருக்கிறது. விலக்கே வேண்டாம் என்று நான் வாதாடவில்லை. அது யாருக்கு விலக்கு தருகிறது, எப்போது தருகிறது என்பதில்தான் எனக்கு வழக்கு.

முதலில், ஓராண்டை எந்த நாளிலிருந்து எண்ணுவது?

தேர்தல் ஆணையத்தின் வழக்கம், இடம் காலியான நாளிலிருந்து எண்ணுவது. 2018 அக்டோபரில் இது வெளிச்சத்துக்கு வந்தது. கர்நாடகத்தின் சிவமொக்கா, பெல்லாரி, மண்டியா ஆகிய மூன்று மக்களவைத் தொகுதிகளுக்கு ஆணையம் இடைத்தேர்தல் அறிவித்தது. ஆந்திரத்தின் நெல்லூர், திருப்பதி, ஓங்கோல், ராஜம்பேட்டை, கடப்பா ஆகிய ஐந்தும் அப்போது காலியாகத்தான் கிடந்தன. அவற்றுக்கு அறிவிப்பு இல்லை. ஏன் இந்தப் பாரபட்சம் என்று கேள்வி எழுந்தபோது ஆணையம் தேதிகளை எடுத்துவைத்தது. அந்த மக்களவையின் ஆயுள் 2019 ஜூன் 3 வரை. கர்நாடகத்து இடங்கள் 2018 மே மாதத்தில் காலியாயின, அதனால் ஓராண்டுக்கு மேல் மிச்சம். ஆந்திரத்து இடங்கள் ஜூன் 20 அன்று காலியாயின, அதனால் ஓராண்டுக்கு 17 நாள் குறைவு.

கணக்கு சரி. ஆனால் ஒய்.எஸ்.ஆர். காங்கிரசின் அந்த ஐந்து உறுப்பினர்களும் ஆந்திரத்துக்குச் சிறப்புத் தகுதி கேட்டு விலகல் கடிதம் கொடுத்தது ஏப்ரல் 6ஆம் தேதி. மக்களவைத் தலைவர் அதை ஏற்றது ஜூன் 20. கடிதம் கொடுத்த நாளே காலியான நாளாக இருந்திருந்தால் ஏறக்குறைய பதினான்கு மாதம் மிச்சம் இருந்திருக்கும். ஐந்து தொகுதிகளும் வாக்களித்திருக்கும். விலகல் மிரட்டலில் வந்ததா, மனமுவந்து வந்ததா என்று பேரவைத் தலைவர் விசாரித்து முடிவெடுக்க 1974ஆம் ஆண்டின் 33ஆவது அரசியல் சட்டத் திருத்தம் இடம் கொடுக்கிறது. கட்சித் தாவல்களும் கட்டாய விலகல்களும் மலிந்த நாட்டில் அந்த விசாரணை தேவைதான். ஆனால் அதற்குக் கெடு எதுவும் சொல்லப்படவில்லை. ஆர்.கே. நகரில் ஒரு ஞாயிற்றுக்கிழமையே போதுமானதாக இருந்தது. ஆந்திரத்து ஐவருக்குப் பத்து வாரத்துக்கு மேல் ஆனது. ஒரு தொகுதிக்கு இடைத்தேர்தல் உண்டா இல்லையா என்பதைத் தேர்தல் ஆணையத்துக்கும் முன்னால், அவைத் தலைவரின் மேசையே தீர்மானித்துவிட முடிகிறது. 151ஏ பற்றிய விவாதங்களில் இது அதிகம் பேசப்படுவதில்லை. பேசப்பட வேண்டும்.

எண்ணும் முறையில் நீதிமன்றங்கள் தலையிட்டது பெரும்பாலும் மகாராஷ்டிரத்து வழக்குகளில். பண்டாரா-கோண்டியா மக்களவை உறுப்பினர் நானா படோலே 2017 டிசம்பரில் விலகினார். மிச்சம் ஒன்றரை ஆண்டு. இதற்கு இடைத்தேர்தல் வீண் செலவு என்று தொடுத்த வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது. 2018இல் நீதிமன்றம் அதைத் தள்ளுபடி செய்தது. சட்டம் விதித்த கடமையிலிருந்து செலவைக் காட்டி ஆணையம் நழுவ முடியாது என்பது அதன் சாரம். மே 28 அன்று வாக்குப்பதிவு, 31 அன்று முடிவு. புதிய உறுப்பினருக்குக் கிடைத்தது ஓராண்டும் மூன்று நாளும்.

அடுத்தது நாக்பூரை ஒட்டிய காடோல் சட்டமன்றத் தொகுதி. ஆஷிஷ் தேஷ்முக் 2018 அக்டோபரில் விலகினார். பேரவை முடிவது 2019 நவம்பர் 9. காலியான நாளிலிருந்து எண்ணினால் ஓராண்டைத் தாண்டி ஏறத்தாழ ஒரு மாதம். ஆணையம் 2019 ஏப்ரல் 11இல் வாக்குப்பதிவு என்று அறிவித்தது. மும்பை உயர் நீதிமன்றத்தின் நாக்பூர் அமர்வு அந்த அறிவிக்கையை ரத்து செய்தது. சட்டம் பேசுவது எஞ்சிய ‘உறுப்பினரின் பதவிக்காலம்’. உறுப்பினர் என்றால் இனி வரப்போகிறவர். அவருக்குக் கிடைக்கப்போவது ஓராண்டுக்கும் குறைவு என்பது அமர்வின் பார்வை.

சொற்களை மட்டும் வைத்துப் பார்த்தால் இந்தப் பொருள்கோடலுக்கு இடமிருக்கிறது. சட்டமன்றத்திலும் மக்களவையிலும் காலம் என்பது அவையின் காலம். மாநிலங்களவையிலோ ஆளுக்கு ஆள் தனித்தனிக் காலம். நான்கு வகை அவைகளுக்கும் சேர்த்து ஒரே வரியில் எழுதியதால்தான் ‘உறுப்பினரின் பதவிக்காலம்’ என்ற சொல் வந்திருக்கிறது என்று நான் நினைக்கிறேன். இனி வரப்போகிறவரின் காலம் என்று பொருள் கொள்வதில் ஒரு பெரிய ஓட்டை உண்டு. முடிவு வரும் நாளிலிருந்து எண்ணினால் அந்த நாளைத் தேர்ந்தெடுப்பது ஆணையத்தின் கையில் இருக்கிறது. பதினைந்து மாதம் மிச்சமிருக்கையில் ஓர் இடம் காலியாகிறது என்று வைத்துக்கொள்வோம். இரண்டு மாதத்தில் நடத்தினால் அந்தத் தேர்தல் செல்லும். சட்டம் அனுமதித்த ஆறு மாதத்தையும் முழுதாக எடுத்துக்கொண்டால் அதே தேர்தல் செல்லாது. தாமதித்தவர்களுக்கே தாமதம் விலக்கு வாங்கித் தருகிறது. ஓராண்டுக் கோடு ஒன்றரை ஆண்டுக் கோடாக நீள்கிறது. ஐந்தாண்டுப் பேரவையில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு. இந்தக் கணக்கை 2015இல் வைத்திருந்தால் ஆர்.கே. நகர் இடைத்தேர்தலே நடந்திருக்காது. அங்கே ஜூன் 30இல் முடிவு வந்தபோது பேரவைக்கு மிச்சமிருந்தது பதினொரு மாதத்துக்கும் குறைவு.

இந்தக் குழப்பம் உச்சத்துக்குப் போனது 2024இல். மார்ச் 16 அன்று மக்களவைப் பொதுத்தேர்தலோடு சேர்த்து ஆணையம் அறிவித்த இடைத்தேர்தல்களில் மூன்று தொகுதிகளை அருகருகே வைத்துப் பார்க்க வேண்டும்: மகாராஷ்டிரத்தின் அகோலா மேற்கு, ஹரியாணாவின் கர்னால், முன்பே சொன்ன காண்டே.

அகோலா மேற்கின் உறுப்பினர் கோவர்தன் சர்மா 2023 நவம்பர் 3இல் காலமானார். பேரவை முடிவது 2024 நவம்பர் 26. காலியான நாளிலிருந்து ஓராண்டும் 23 நாளும். ஆணையத்தின் வழக்கமான கணக்கில் தேர்தல் நடந்தே ஆக வேண்டும். நாக்பூர் அமர்வு காடோல் வழியைப் பின்பற்றி மார்ச் 26இல் அதை ரத்து செய்தது.

கர்னாலில் மனோகர் லால் கட்டர் முதல்வர் பதவியை விட்டதற்கு மறுநாள், மார்ச் 13இல், சட்டமன்ற உறுப்பினர் பதவியையும் விட்டார். பேரவை முடிவது நவம்பர் 3. எந்த நாளிலிருந்து எண்ணினாலும் எட்டு மாதத்துக்குக் குறைவு. ஆனால் புதிய முதல்வர் நாயப் சிங் சைனி அப்போது மக்களவை உறுப்பினர், சட்டமன்றத்தில் இல்லை. அரசியல் சட்டத்தின் 164(4) பிரிவுப்படி ஆறு மாதத்துக்குள் சட்டமன்ற உறுப்பினராகாத அமைச்சர் பதவி இழப்பார். இடைத்தேர்தலை எதிர்த்த வழக்கைப் பஞ்சாப்-ஹரியாணா உயர் நீதிமன்றம் ஏப்ரல் 3இல் தள்ளுபடி செய்தது. மே 25இல் வாக்குப்பதிவு, சைனி வென்றார்.

ஓராண்டுக்கு மேல் மிச்சமிருந்த அகோலாவுக்குத் தேர்தல் இல்லை. எட்டு மாதம்கூட இல்லாத கர்னாலுக்கு உண்டு. ஓராண்டும் ஐந்து நாளுமாக இருந்த காண்டேயில் மே 20இல் தேர்தல் நடந்தது. ஜூன் 4இல் வென்ற கல்பனா சோரன் அந்த நவம்பரிலேயே மறுபடியும் வாக்காளர்கள் முன் நின்றார். ஒரே அறிக்கை, ஒரே சட்டப்பிரிவு. இரண்டு நீதிமன்றத் தீர்ப்புகளுக்கு நடுவே எட்டே நாள்.

இங்கே பிரிவின் வாசகத்துக்குத் திரும்ப வேண்டும். விலக்கு வரும் இடத்தில் சட்டம் ‘தேர்தல் நடத்தக் கூடாது’ என்று சொல்லவில்லை. ‘இந்தப் பிரிவில் உள்ளது எதுவும் பொருந்தாது’ என்றுதான் சொல்கிறது. ‘இந்தப் பிரிவில் உள்ளது’ எது? ஆறு மாதக் கெடு. கெடு விலகுகிறது, காலியிடத்தை நிரப்பும் அதிகாரம் 150ஆம் பிரிவில் அப்படியே நிற்கிறது. ஓராண்டுக்குக் குறைவாக இருந்தால் ஆணையம் தேர்தல் நடத்தியாக வேண்டும் என்ற கட்டாயமில்லை. நடத்தினால் குற்றமும் இல்லை. என் வாசிப்பில் கர்னால் தீர்ப்பின் முடிவு சட்டத்தோடு பொருந்துகிறது; காடோலும் அகோலாவும் விலக்கைத் தடையாக மாற்றிவிட்டன.

ஆனால் கர்னால் தீர்ப்பை ஏற்றுக்கொண்ட பிறகுதான் எனக்கு மனக்குறை தொடங்குகிறது. தடை இல்லை என்றால், யாருக்காக நடத்துவது, யாருக்காக நடத்தாமல் விடுவது என்பது ஆணையத்தின் விருப்பம் ஆகிறது. இதுவரை அந்த விருப்பம் யார் பக்கம் சாய்ந்திருக்கிறது? முதல்வருக்கு ஓர் இடம் தேவைப்பட்டபோது கோடு வளைந்துகொடுத்தது. ஒரு தொகுதி மக்களுக்கு ஒரு பிரதிநிதி தேவைப்பட்டபோது அதே கோடு சுவராக நின்றது. முதல்வரின் தேவை அரசியல் சட்டத்தின் தேவை என்று சொல்கிறார்கள். வாக்காளனுக்குப் பிரதிநிதி வேண்டும் என்பதும் அரசியல் சட்டத்தின் தேவைதான். அவையில் ஒவ்வொரு தொகுதிக்கும் ஓர் இருக்கை என்பது வேறு எதற்காக?

முதல்வர்களுக்கும் எப்போதும் வளைந்துகொடுத்தது என்று சொல்லிவிட முடியாது. 2021 மார்ச் 10இல் உத்தராகண்ட் முதல்வரான தீரத் சிங் ராவத் மக்களவை உறுப்பினர். செப்டம்பர் 10க்குள் அவர் சட்டமன்றத்துக்கு வந்தாக வேண்டும். கங்கோத்ரி ஏப்ரலிலும் ஹல்த்வானி ஜூனிலும் உறுப்பினர்களின் மரணத்தால் காலியாயின. ஆனால் பேரவை 2022 மார்ச்சில் முடிகிறது. இரண்டிலும் ஓராண்டு இல்லை. இடைத்தேர்தலுக்கு வழியில்லை என்ற காரணத்தைச் சொல்லி ஜூலை 2இல் அவர் விலகினார். நான்கு மாதம்கூட ஆகவில்லை. விலகிவிட்டு மீண்டும் பதவியேற்று இன்னோர் ஆறு மாதம் வாங்கும் வழியை 2001இல் பஞ்சாப் அமைச்சர் ஒருவர் தொடர்பான எஸ்.ஆர். சௌத்ரி வழக்கில் உச்ச நீதிமன்றம் ஏற்கெனவே அடைத்திருந்தது. 2021இல் டேராடூனில் தடையாகப் படிக்கப்பட்ட அதே வரி 2024இல் சண்டிகரில் தடையாகப் படிக்கப்படவில்லை. ஒரு முதல்வரே தன் பதவி நிலைக்குமா என்று இந்தச் சட்டத்தைப் படித்துத் தெரிந்துகொள்ள முடியவில்லை என்றால், சாதாரண வாக்காளர் என்ன செய்வார்?

இரண்டாவது விலக்கான ‘கடினம்’ என்ற சான்றைப் பற்றியும் சொல்ல வேண்டும். காலத்தின் கடைசிக் கட்டத்தில் இரண்டு விலக்குகளும் கைகோத்துக்கொள்கின்றன. கடினம் என்று சொல்லி முதலில் சில மாதம் தள்ளலாம். பிறகு பார்த்தால் மிச்சமே இருக்காது.

உண்மையிலேயே கடினமான இடங்கள் உண்டு. 2016 ஜூலையில் மெஹபூபா முஃப்தி விலகியதால் காலியான அனந்த்நாக் மக்களவைத் தொகுதி 2019 பொதுத்தேர்தல் வரை நிரப்பப்படவே இல்லை. 2017 ஏப்ரலில் ஸ்ரீநகர் இடைத்தேர்தல் நாளில் எட்டுப் பேர் உயிரிழந்ததையும் ஏழு விழுக்காடு அளவுக்கே வாக்கு பதிவானதையும் பார்த்தபின் ஆணையம் அனந்த்நாக்கைத் தள்ளிவைத்ததைக் குறை சொல்வது எளிதல்ல. புனேயின் கதை வேறு. மக்களவை உறுப்பினர் கிரீஷ் பாபட் 2023 மார்ச் 29இல் காலமானார். மக்களவையின் ஆயுள் 2024 ஜூன் 16 வரை, பதினான்கரை மாதம். ஆணையம் தேர்தல் நடத்தவில்லை. பொதுத்தேர்தல் ஆயத்தப் பணிகள் இருக்கின்றன, வென்றவருக்குக் கிடைப்பது சொற்ப காலம் என்பவை சொல்லப்பட்ட காரணங்கள். புனேக்குப் பிறகு காலியான புதுப்பள்ளி போன்ற சட்டமன்றத் தொகுதிகளில் 2023 செப்டம்பரிலேயே தேர்தல் நடந்து முடிந்திருந்தது. வாக்காளர் ஒருவர் தொடுத்த வழக்கில், அந்த டிசம்பர் 13இல், மும்பை உயர் நீதிமன்றம் ஆணையத்தின் சான்றை ஏற்க மறுத்து உடனே தேர்தல் நடத்தச் சொன்னது. தேர்தல் நடத்துவதற்கென்றே இருக்கும் அமைப்பு வேறொரு தேர்தலுக்கு ஆயத்தமாகிறேன் என்று சொல்வது கடினத்துக்குச் சான்று ஆகாது. அந்தத் தீர்ப்பின் நியாயம் எனக்கு முழுதாகப் படுகிறது. 2024 ஜனவரி 8இல் உச்ச நீதிமன்றம் அந்த உத்தரவை நிறுத்திவைத்தது. புனே மக்கள் பொதுத்தேர்தலில்தான் வாக்களித்தார்கள். மக்களவை உறுப்பினரின் தொகுதி மேம்பாட்டு நிதி ஆண்டுக்கு 5 கோடி ரூபாய். அதற்கு இன்ன தெருவுக்கு இன்ன வேலை என்று பரிந்துரைக்க வேண்டியவர் அந்த ஊருக்கு ஓராண்டுக்கு மேல் இல்லை.

தமிழ்நாட்டில் கடினம் என்ற சொல் மழையாகவும் புயலாகவும் தொற்றாகவும் வந்திருக்கிறது. 2018 ஆகஸ்ட் 2இல் திருப்பரங்குன்றம் உறுப்பினர் ஏ.கே. போஸும் ஆகஸ்ட் 7இல் திருவாரூர் உறுப்பினர் மு. கருணாநிதியும் மறைந்தார்கள். அக்டோபரில், வடகிழக்குப் பருவமழையைக் காரணம் காட்டிய தலைமைச் செயலரின் கடிதத்தை ஏற்று ஆணையம் இரண்டையும் தள்ளிவைத்தது. பிறகு 2019 ஜனவரி 28இல் திருவாரூருக்குத் தேர்தல் என்று அறிவித்து, கஜா புயல் நிவாரணப் பணிகள் முடியவில்லை என்று அதையும் ரத்து செய்தது. திருவாரூர் 2019 ஏப்ரல் 18இல் வாக்களித்தது. தேர்தல் வழக்கு ஒன்றும் குறுக்கிட்ட திருப்பரங்குன்றம் மே 19இல். கஜாவில் வீடிழந்த டெல்டா மக்களுக்கு அந்த மார்கழியில் தேர்தலைவிட ஓடுதான் முதலில் தேவைப்பட்டது என்பது உண்மை. அந்த ஓட்டுக்காக அதிகாரிகளிடம் வாதாட ஒரு சட்டமன்ற உறுப்பினர் தேவைப்பட்டார் என்பதும் அதே அளவு உண்மை.

2020 பிப்ரவரி 27இல் திருவொற்றியூர் கே.பி.பி. சாமி, மறுநாளே குடியாத்தம் எஸ். காத்தவராயன் காலமானார்கள். பேரவையின் ஆயுள் 2021 மே 24 வரை. ஏறக்குறைய பதினைந்து மாதம். அடுத்த மாதமே ஊரடங்கு. ஆறு மாதக் கெடு ஆகஸ்டில் போயிற்று. செப்டம்பர் இறுதியில் ஆணையம் நாடு முழுவதும் 56 சட்டமன்றத் தொகுதிகளுக்கு இடைத்தேர்தல் அறிவித்தபோது அசாம், கேரளம், மேற்கு வங்கம், தமிழ்நாடு ஆகிய நான்கு மாநிலங்களின் ஏழு தொகுதிகளை விட்டுவிட்டது. மாநில அரசுகளே சிரமம் என்று சொல்லியிருந்தன. அந்த ஏழில் திருவொற்றியூரும் குடியாத்தமும் இருந்தன. கேரளத்தின் குட்டநாடும் சவராவும் இருந்தன. கொள்ளை நோய்க் காலத்தில் வரிசையில் நிற்க வைக்காதது சரி என்று சொல்லலாம். ஆனால் அதே அக்டோபர், நவம்பரில் பீகார் முழுவதும் பொதுத்தேர்தல் நடந்ததை மறக்க முடியாது. மருத்துவமனைப் படுக்கைக்கும் ரேஷன் அரிசிக்கும் ஊருக்குத் திரும்பும் பேருந்துக்கும் யாரையாவது கூப்பிட்டுச் சொல்ல வேண்டியிருந்த ஆண்டில், சொல்வதற்கு ஆள் இல்லாத தொகுதிகள் அவை.

பிற நாடுகளை ஒரு பார்வை பார்க்கலாம். மலேசிய அரசியல் சட்டத்தின் 54ஆவது பிரிவு காலியிடத்தை 60 நாளில் நிரப்பச் சொல்கிறது. நாடாளுமன்றம் தானாகக் கலையும் நாளுக்கு முந்தைய இரண்டு ஆண்டுக்குள் காலியானால் நிரப்ப வேண்டாம். ஆனால் அந்தக் காலியிடத்தால் பெரும்பான்மைக் கட்சியின் எண்ணிக்கை பாதிக்கப்படுகிறது என்று அவைத் தலைவர் எழுதித் தந்தால் நிரப்பலாம். அங்கே கோடு நம்முடையதைவிட இரு மடங்கு நீளம். ஆட்சிக்காக அதை எப்போது வளைக்கலாம் என்பதையும் சட்டத்திலேயே எழுதிவைத்திருக்கிறார்கள். நாம் எழுதாமல் செய்கிறோம். கனடாவில் குறித்த பொதுத்தேர்தல் நாளுக்கு ஒன்பது மாதத்துக்குள் காலியானால் இடைத்தேர்தல் இல்லை. பொதுத்தேர்தல் நாளையே சட்டம் குறித்துவைத்திருப்பதால் எண்ணுவதில் சண்டை வருவதற்கு இடம் குறைவு. பிரிட்டனில் சட்டக் கோடே கிடையாது, மூன்று மாதத்துக்குள் என்பது மரபு. 2017இல் மான்செஸ்டர் கார்ட்டன் இடைத்தேர்தல் மே 4இல் நடக்க இருந்தபோது ஜூனில் பொதுத்தேர்தல் என்று முடிவானது. அந்நாட்டு மக்களவையே தீர்மானம் போட்டு இடைத்தேர்தலை நிறுத்தியது. சிங்கப்பூரில் கெடு எதுவும் இல்லை. 2012இல் ஹவ்காங் தொகுதி காலியானபோது அத்தொகுதி வாக்காளரான ஒரு தமிழ்ப் பெண் நீதிமன்றம் போனார். நியாயமான காலத்துக்குள் இடைத்தேர்தலை அறிவிப்பது பிரதமரின் கடமை, அவர் விருப்பப்படி தள்ள முடியாது என்று 2013இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் சொன்னது. இலங்கையில் 1989 பொதுத்தேர்தலிலிருந்து விகிதாசார முறை. காலியிடம் கட்சிப் பட்டியலில் அடுத்திருப்பவருக்குப் போகும், இடைத்தேர்தலே இல்லை. நமக்குத் தொகுதி முறை இருக்கும்வரை அந்த வழி திறக்காது.

நம் நாட்டில் இதைத் தீர்க்கப் பெரிய சீர்திருத்தம் ஒன்றும் வேண்டாம். ஓராண்டு என்பது இடம் காலியான நாளிலிருந்து என்று 151ஏ பிரிவில் ஒரு வரி சேர்த்தால் காடோல் குழப்பம் போய்விடும். விலகல் கடிதத்தின் மீது இத்தனை நாளுக்குள் முடிவு என்று அவைத் தலைவருக்கு ஒரு கெடு வைத்தால் ஆந்திரத்து ஐந்து தொகுதிகளுக்கு நேர்ந்தது இன்னொரு முறை நேராது. ஓராண்டுக்குக் குறைந்த காலத்தில் ஆணையம் தேர்தல் நடத்தலாம் என்றால் எந்தக் காரணத்துக்காக நடத்தலாம் என்பதை எழுத வேண்டும்; அந்தக் காரணங்களில் முதல்வரின் ஆறு மாதம் மட்டும் இருக்கக் கூடாது. ‘கடினம்’ என்ற சான்றைக் கலந்துபேசும் மத்திய அரசு தேர்தலில் தானே ஒரு கட்சிக்காரன். அதனால் அந்தச் சான்று காரணங்களோடு, ஆறு மாதம் முடிவதற்கு முன்பே, அந்தத் தொகுதி மக்கள் படிக்கும்படி வெளியாக வேண்டும். புனேக்கான சான்றை ஆணையம் எழுதியது ஆகஸ்டில். அதன் நியாயத்தை ஒரு நீதிமன்றம் உரசிப் பார்த்தபோது டிசம்பர் ஆகிவிட்டது.

2025 ஜூன் 21இல் வால்பாறை உறுப்பினர் அமுல் கந்தசாமி காலமானார். பேரவையின் ஆயுள் 2026 மே 10 வரை. பத்து மாதமும் சில நாளும். இடைத்தேர்தல் அறிவிக்கப்படவில்லை. எந்தக் கணக்குப்படி பார்த்தாலும் இதில் சட்டமீறல் இல்லை. பொள்ளாச்சியிலிருந்து நாற்பது கொண்டை ஊசி வளைவு ஏறிப் போக வேண்டிய ஊர் அது. தேயிலைத் தோட்டத்து லயன் வீடுகளின் வாசலுக்குச் சிறுத்தையும் யானையும் வரும். கூலி உயர்வும் வீட்டு மனையும் அங்கே தலைமுறைக் கோரிக்கைகள். அந்த மழைக்காலம் முழுவதும், அடுத்து வந்த பனிக்காலம் முழுவதும், சட்டமன்றத்தில் வால்பாறைக்கான இருக்கை காலியாகவே இருந்தது.